தில்லியில் பெயர்த்தெடுத்த சைக்கிள் பாதை

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பும் வழக்கம் கிடையாது. தேங்காய் பழம் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அடுத்த தெருவில் இருந்தாலும் அப்படித்தான், தில்லியில் இருந்தாலும் அப்படித்தான். என் கடைசி மகனுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். மகள் செல்வியைக் கட்டிய கதிரேசன் தில்லியில் முனிர்காவில் இருக்கிறார். "அத்தை வந்து வச்சாத்தான் அது பத்திரிகை. போஸ்ட்மேன் வச்சா அது கடுதாசி" என்று போனில் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அறுபத்துமூன்று வயதில், கார்த்திகை கடைசியில், நான் ரயில் ஏறினேன்.

ரயிலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படுத்தேன், எழுந்தேன், மறுபடி படுத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நாற்பத்தெட்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் பழகினேன். அந்த வருஷம் எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் பொம்பளைகளுக்குச் சாயங்காலம் எழுத்தும் காலையில் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் செல்வியும் ஒரே சைக்கிளில் மாறி மாறி விழுந்து பழகினோம். ஆகையால் மெதுவாகத்தான் எழுதுவேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

செல்வி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். சுடிதார், அதன் மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர். கிட்ட வந்து "ஆத்தா" என்ற பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"என்னடி இது, கூர்க்கா மாதிரி?"

"நாளைக்குக் காலையில நீயே கேட்டு வாங்கிப் போட்டுக்குவ, பாரு."

மறுநாள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

முனிர்காவில் வீட்டின் மேல் வீடாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி அவள் ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் நம் உப்பு டப்பாவை எடுக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கவும் வேலை தேடவும் வந்து அறை அறையாக இருக்கிறார்கள். படி ஏறும்போது ஒரு மாடியில் மதுரைப் பேச்சு, அடுத்த மாடியில் நெல்லைப் பேச்சு. செல்வி வீட்டில் பகலிலும் லைட் போட வேண்டும்.

அன்று சாயங்காலமே பத்திரிகை வைத்தேன். மாப்பிள்ளை ஓர் ஆபீஸ் கேன்டீனில் சமையல் வேலை. குளித்து வேட்டி கட்டி, குரங்குக் குல்லாவை மட்டும் கழற்றாமல், கட்டிலில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். தட்டை வாங்கிக்கொண்டு, பத்திரிகையைப் பிரித்து, தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்த்தார். மூன்றாவது வரி. "சரிங்கத்தை. டிக்கெட்டு கெடச்சா வாறோம்" என்றார். இத்தனை தூரம் வந்தவளுக்கு அவ்வளவுதான் பதில். மாப்பிள்ளை முறுக்கு தில்லிக் குளிரிலும் நமத்துப் போகாது போலிருக்கிறது.

வந்த வேலை முதல் நாளே முடிந்தது. ஆனால் திரும்பிப் போக டிக்கெட் நாலு வாரம் கழித்துத்தான் கிடைத்திருந்தது.

இரண்டாம் நாள் விடியுமுன் செல்வி என்னைத் தன் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப் போனாள். அவள் மூன்று வீட்டில் சமைக்கிறாள். முதல் வீட்டில் ஆறரைக்குள் பிள்ளைகளுக்கு டிபன் ஆக வேண்டும். அதை முடித்து இரண்டாம் வீடு. அதை முடித்து மூன்றாம் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். "இத்தனை வருசத்துல ஒரு வீட்டுலயும் லேட்டுன்னு பேரு வாங்கல ஆத்தா" என்று மிதித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. என் மகள்.

கொஞ்ச தூரத்தில் பெரிய ரோடு வந்தது. காரும் பஸ்ஸும் போகிற அந்த ரோட்டை ஒட்டி, நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சுவர் வைத்து, சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போட்டிருந்தார்கள். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த சீமையிலேயே, லாரி வந்தால் ஒதுங்கிக் கருவேல முள்ளில்தான் இறங்குவோம். இங்கே சைக்கிள்காரன் யாருக்கும் ஒதுங்க வேண்டாம்.

பால்காரர் ரெண்டு பக்கமும் கேன் தொங்கப் போகிறார். வாட்ச்மேன்கள் காக்கிச் சட்டையோடு போகிறார்கள். ஒருவர் பாரில் தண்ணீர்க் குழாய்களைக் கட்டிக்கொண்டு போகிறார். இன்னொருவர் கேரியரில் தையல் மிஷினையே ஏற்றியிருந்தார். பனி மூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மணிச்சத்தம் மட்டும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாதி வழியில் ஒரு டீக்கடை. நாலு செங்கல்லும் ஒரு பம்பு ஸ்டவ்வும்தான் கடை. இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பாலோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். நம் ஊரில் டீயை ஆற்றிக் கொடுப்பார்கள். இங்கே ஆற்றினால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே ஒரு கூட்டம் நின்றிருந்தது. நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண். செல்வியைப் பார்த்ததும் தமிழில் பேசினாள். பெயர் ஜெயந்தி. திருநெல்வேலிக்காரி. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முனிர்காவில் செல்வி வீட்டுக்குக் கீழ்மாடி.

"பாட்டி, நீங்களும் சைக்கிள் விடுவியளா?"

"விடுவேன். பாட்டின்னு கூப்பிடாத. உனக்கு நான் பாட்டியில்ல."

"சரிம்மா" என்று சிரித்தாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். "இந்தப் பாதைய எடுக்கப் போறாவம்மா. காருக்கு எடம் பத்தலையாம். சொவர இடிச்சு ரோட்டோட சேக்கணும்னு கார் வச்சிருக்க காலனிக்காரங்க மனு குடுத்திருக்காவ. வேண்டாம்ங்கறவங்களும் எழுதிக் குடுக்கலாம். பன்னெண்டு நாள்ல விசாரணை இருக்கு."

செல்வி டீயைக் கையில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்தாள். "இது இல்லன்னா என்னால மூணாவது வீட்டுக்குப் போக முடியாது. ரெண்டாவதுக்கே சந்தேகந்தான்" என்றாள்.

அங்கே ராம்சேவக் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். பீகார் ஆள். என் வயசிருக்கும். சைக்கிள் பாரில் செடி வெட்டும் கத்திரியைச் சணலால் கட்டியிருந்தார். அவர் சொன்னதை ஜெயந்தி தமிழில் சொன்னாள்: பாதை வருமுன் இதே ரோட்டில் அவர் தம்பியை ஒரு பஸ் தட்டிவிட்டது. தம்பி அப்புறம் எழுந்திருக்கவில்லை. இவர் வீட்டுக்காரி சாயங்காலமானால் வாசலில் வந்து நிற்பாள். பாதை வந்த பிறகுதான் நிற்பதை விட்டாள்.

அன்றைக்கு மூன்றாம் வீட்டுக்கும் போனேன். சரோஜா மேடம் வீடு. கோயம்புத்தூர்க்காரர். வீட்டுக்காரர் பெரிய ஆபீசர்.

"வாங்கம்மா, உக்காருங்க. செல்வியோட அம்மாங்களா? காப்பி குடிக்கறீங்ளா? நம்மூருப் பொடிங்க. தம்பி வர்றப்பவெல்லாம் கொண்டாருவான்."

நல்ல காப்பி. குளிருக்கு அவரே ஒரு சால்வையை எடுத்து என் தோளில் போட்டார். கெட்ட மனுஷி இல்லை. பாதையைப் பற்றிக் கேட்டேன்.

"எடுத்தாத்தானுங்க நல்லது. எங்கூட்டுக்காரரு ஆபீஸ் போறதுக்கு தெனமும் ஒரு மணி நேரம் ரோட்டுல நிக்கறாருங்க. பக்கத்துல பாத்தா பாதை காலியாக் கெடக்குது. பத்து மணிக்கு மேல ஒரு சைக்கிளும் போறதில்லீங்க."

"பத்து மணிக்கு அவங்கெல்லாம் வேலைக்குப் போய்ச் சேந்திருப்பாகம்மா. உங்க வீட்டுல சாம்பார் கொதிக்கிற நேரம்ல அது."

மேடம் சிரித்துவிட்டார். "அதுஞ் சரிதானுங்க. ஆனா செல்வி பஸ்ஸுல வந்துக்கலாமுங்களே. எங்க காலனியில எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். நானும் போட்டுட்டனுங்க."

அவர் சொன்னதில் அந்தக் கையெழுத்துத்தான் என் மனதில் தங்கிப்போயிற்று.

மூன்றாம் நாள் மேடம் சொன்னபடி பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். முதல் பஸ் நிற்கவே இல்லை. கொஞ்சம் மெதுவாகப் போனது, அதற்குள் ஓடி ஏறிக்கொள்ள வேண்டுமாம். இரண்டாம் பஸ்ஸில் செல்வி ஏறிவிட்டாள். நான் படியில் ஒரு கால் வைத்தேன், ஒரு செருப்பு ரோட்டில் தங்கிவிட்டது. உள்ளே நிற்க இடமில்லை. ஒருவன் கை எங்கெங்கோ வந்தது. செல்வி திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் இடித்தாள். பழகிப்போன இடி. இன்னொரு பஸ் மாறி, ஒற்றைச் செருப்போடு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அந்த வீட்டம்மா கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி முகம் சுண்டிப்போயிற்று.

அன்று ஜெயந்தி வீட்டுக்கு வந்தாள். "எனக்கு ஒரு வாரம் பரீட்சைம்மா. காலையில டீக்கடையில உக்காந்து மனுவப் பாத்துக்கிடுவியளா? வாறவங்க பேரு, வேலை எல்லாம் டீக்கடைக்காரரு இந்தியில எழுதிருவாரு. நீங்க ஒப்பம் மட்டும் வாங்குனாப் போதும்." ஒரு கட்டுத் தாளும், ரெண்டு பேனாவும், நீல மை வைத்த ஒரு ஸ்டாம்ப் பேடும் கொடுத்தாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தில்லி சர்க்காருக்குப் போகிற காகிதம் என் கையில்.

மறுநாள் காலை சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முதலில் ராம்சேவக்தான் வந்தார். டீக்கடைக்காரர் பெயரை எழுதினார். பேனாவை நீட்டினேன். ராம்சேவக் பேனாவை வாங்காமல் கட்டை விரலை நீட்டினார்.

இதை எப்படிச் சொல்வது. என் மாமனார் அந்தக் கட்டை விரலால்தான் எங்கள் ஆற்றுப்பாசன நிலத்தை விட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்த ஒரு கைநாட்டு. நானும் நாற்பத்தெட்டு வயது வரை ரேஷன் கடையில் விரல் நீட்டியவள்தான். எழுத்து வகுப்பில் என் பெயரை முதன்முதலில் எழுதிய அன்று, இனிச் செத்தாலும் விரலில் மை படாது என்று சொல்லிக்கொண்டேன். கைநாட்டைக் கண்டால் எனக்கு அருவருப்பு. அதுவும் காலனிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவர்கள் நீல விரலை ஒற்றிக் கொடுத்தால் ஆபீசர் மதிப்பானா?

நான் ராம்சேவக்கின் விரலை மெல்ல ஒதுக்கினேன். எனக்குத் தெரிந்த இந்தியில், "அங்கூட்டா நஹீ. சைன். கல்" என்றேன். விரல் வேண்டாம், நாளைக்குக் கையெழுத்தோடு வாருங்கள். என் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான் கிழவி, நானே போடுகிறேன் என்று அர்த்தம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ராம்சேவக்கும் சிரித்தார். "அச்சா மாதாஜி, கல்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்டாம்ப் பேடை என் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் பூராவும் அப்படித்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். விரலை நீட்டியவர்களை எல்லாம் "கல்" என்று அனுப்பினேன். அவர்கள் யாரும் மறுநாள் வரவில்லை. அவசரமாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அதுவரை டீக்கடையில் காலூன்றி நின்றவர்கள், இப்போது கடை வந்ததும் மணி அடிக்காமல் வேகமாகப் போனார்கள். பால்காரர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீக்கடைக்காரர் என்னிடம் இந்தியில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. வியாபாரம் குறைகிறது என்கிறார் என்று நினைத்தேன்.

தாள் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு மைக்கறை இல்லை. சாயங்காலம் செல்விக்குக் காட்டினேன். அவள் அசதியில் சரியாகப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலை ஜெயந்தி டீக்கடைக்கு வந்தாள். கட்டைப் பிரித்தாள். ரெண்டு தாள் நிறைந்திருந்தது. மீதி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

"ஸ்டாம்ப் பேடு எங்கம்மா?"

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். "ஒரு கைநாட்டு இல்ல பாரு. எல்லாம் எழுத்து" என்றேன்.

ஜெயந்தி அந்தப் பேடைத் திறந்தாள். அமுக்காத மை, புதுசு போலவே இருந்தது. மூடிவிட்டு அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. டீக்கடைக்காரரோடு நெடுநேரம் இந்தியில் பேசினாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்கு வெக்கமாப் போச்சாம்மா. எல்லாரு முன்னாலயும் எழுதத் தெரியாதுன்னு ஆயிப்போச்சுல்லா. அதான் இந்தப் பக்கம் நிக்காமப் போறாங்களாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுத்து வகுப்புக்கு வருமுன் என்னை யாராவது நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருந்தால், நானும் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துபோயிற்று.

அன்று பனி கனமாக இறங்கியிருந்தது. நானும் ஜெயந்தியும் பாதை நடுவில் நின்று பேடை நீட்டி நீட்டிக் கேட்டோம். நிற்க அவர்களுக்கு நேரமில்லை. பனியில் தாமதமாகிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ராம்சேவக் வந்த மாதிரி இருந்தது. அந்தப் பனியில் கத்திரியை மட்டும்தான் பார்த்தேன்.

விசாரணை ஒரு பெரிய ஹாலில். காலனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வயதான ஒருவர், ரிட்டயரானவர், அவர்களுக்காகப் பேசினார். கத்தவில்லை, திட்டவில்லை. கார்கள் நிற்கிற புகையில் எல்லோருக்கும்தான் இருமல் என்றார். தைத்து அட்டை போட்ட புத்தகம் போல ஒரு மனுவை மேஜையில் வைத்தார். ஜெயந்தி எங்கள் ரெண்டு தாளையும், முந்தின நாள் சேர்ந்த அரைத் தாளையும் வைத்தாள். புத்தகத்துக்குப் பக்கத்தில் அது மளிகைச் சீட்டு மாதிரி கிடந்தது.

ஆபீசர் அதைத் தூக்கிப் பார்த்தார். "ஆயிரக்கணக்கான பேர் போகிற பாதை என்கிறீர்கள். அவர்களுக்கே அக்கறை இல்லையே" என்றாராம். ஜெயந்தி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பின்வரிசையில் இருந்து ராம்சேவக் எழுந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தம்பி செத்ததைச் சொன்னார். ஆபீசர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்கள் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

ராம்சேவக் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன மொழியில் சொல்வது?

"டைம் நஹீ மிலா" என்றார். நேரம் கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் எழுதிக்கொண்டார். கடைசியில் பாதையை எடுக்கலாம் என்றே முடிவு சொன்னார்.

வெளியே வந்ததும் ஜெயந்தி சொன்னாள்: "நெறையக் கைநாட்டு இருந்தாலும் எடுத்திருப்பாவம்மா. முடிவு முன்னாலயே ஆயிருக்கும்." தேற்றுவதற்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரிந்தால் ஒருவேளை தூக்கம் வரும்.

ராம்சேவக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். என்னவோ சொன்னார். ஜெயந்தி தயங்கிவிட்டுத்தான் சொன்னாள்: "ரெண்டு நாள் பேத்தி நோட்டுல எழுதிப் பாத்தாராம். கை நடுங்குதாம். அசிங்கமா வந்துச்சாம். அதக் கொண்டாந்து உங்ககிட்ட எப்படிக் காட்டன்னு வரலையாம்."

ராத்திரி சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை கேன்டீனில் இருந்து பூரியும் சன்னாவும் கொண்டுவந்தார். எனக்கு இறங்கவில்லை. செல்வி விஷயத்தைக் கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அவள் பூரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ உக்காந்திருக்கியேன்னு நம்பிக்கையா விட்டுட்டேன் ஆத்தா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

விசாரணை முடிந்த அஞ்சாம் நாள் மிஷின் வந்தது. அத்தனை சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பாதையை உடைக்க வந்த கூலி ஆட்கள் எல்லோரும் சைக்கிளில்தான் வந்தார்கள். உடைக்கப் போகிற சுவரிலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவர் ஒவ்வொரு துண்டாகப் போகப் போக, சைக்கிளை நகர்த்தி அடுத்த துண்டில் சாய்த்தார்கள். சாயங்காலம் சாய்க்கச் சுவர் இல்லை. தரையில் படுக்கப் போட்டுவிட்டு வேலை செய்தார்கள்.

டீக்கடைக்காரரையும் நகரச் சொல்லிவிட்டார்கள். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார் என்று தெரியவில்லை.

மறுநாள் செல்வி பஸ்களுக்கு நடுவில் சைக்கிள் விட்டாள். நான் கேரியரில் உட்கார்ந்தேன். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. அவள் எதில் போகிறாள் என்று நான் பார்க்க வேண்டாமா? ஆரன் சத்தம் முதுகிலேயே அடித்தது. வழியில் இருக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் எங்களை ஒட்டி வந்தது. இடிக்கவில்லை. முன்கூடையை லேசாக உரசியது, அவ்வளவுதான். ரெண்டு பேரும் உடைத்துப் போட்ட கல் மேல் விழுந்தோம். எனக்கு முழங்கால். அவளுக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். பஸ் போய்விட்டது. அதன் டிரைவருக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

செல்வி எழுந்தாள். முன்சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணிப்போன ஹேண்டில் பாரைத் திருகி நேராக்கினாள். ஏறுவாள் என்று பார்த்தேன். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தாள். நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

சரோஜா மேடம் செல்வியின் கையைப் பார்த்துப் பதறிவிட்டார். அவரே டெட்டால் போட்டுத் துடைத்து, அவரே கட்டும் போட்டார். அன்று எங்களை உட்கார வைத்து அவரே சமைத்தார். மூன்று நாள் பார்த்தார். மூன்று நாளும் மத்தியானச் சமையல் சாயங்காலமாகிவிட்டது. நாலாம் நாள் சொன்னார்: "கோவிச்சுக்காத செல்வி. பக்கத்து பிளாக்குல ஒரு பையன் சமைக்கறானாம். இந்தக் கையோட நீயும் எத்தனை தூரம் வருவே." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

"ஊருக்கு வந்திரு, ரெண்டு பேரும்" என்றேன்.

"அங்க வந்து என்ன பண்ணச் சொல்ற?" என்றாள். மீதி இருந்த ரெண்டு வீட்டையாவது காப்பாற்ற, இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். ரோடு காலியாக இருந்தால் மிதிப்பாள். பஸ் வந்தால் இறங்கித் தள்ளுவாள்.

நான் ஊர் திரும்புகிற நாளும் அவளால் ஸ்டேஷனுக்கு வர முடியவில்லை. இருட்டிலேயே கிளம்பி, என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளை வேலையில் இருந்தார். விடிந்து வெகுநேரம் கழித்து ஜெயந்தி ஓர் ஆட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டாள்.

ஆட்டோ அந்தப் பெரிய ரோட்டில்தான் போனது. பாதை இருந்த இடத்தில் தாரைப் பூசி மட்டமாக்கியிருந்தார்கள். டிரைவர் அந்த ஓரத்தில்தான் ஓட்டினார். கார்களை எல்லாம் தாண்டிக்கொண்டு போனோம். அவருக்குச் சந்தோஷம். "இப்ப ரோடு நல்லா ஆயிருச்சு மாதாஜி" என்றார். அவ்வளவு இந்தி அதற்குள் எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

பாலம் தாண்டியதும் செல்வியைப் பார்த்தேன். முதல் வீட்டை முடித்துவிட்டு ரெண்டாம் வீட்டுக்குப் போகிறாள். தாருக்குக் கீழே மண்ணில் இறங்கி, கட்டுப் போட்ட கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். எங்கள் ஆட்டோ வருகிற சத்தம் கேட்டு இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் ஒதுங்கினாள். யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. "செல்வி" என்று கத்தினேன். கேட்டிருக்காது. டிரைவர் நிறுத்தட்டுமா என்பது போல் கண்ணாடியில் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து ஆரன் அடித்தார்கள். அவர் வேகத்தைக் கூட்டினார்.

ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.